லினக்ஸில் கிராபிக்ஸ் கார்டை விஎம்முக்குக் கொடுப்பது எப்படி?

கேள்வியின் சுருக்கம் இது. ரைசன் 7 5700ஜி, பி550 மதர்போர்டு, 32 ஜிபி ராம், ஆர்டிஎக்ஸ் 3060 உள்ள ஒரு கணினி. அன்றாட வேலை எல்லாம் உபுண்டுவில் நடக்கிறது. ரெவிட் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருளுக்காக மட்டும் விண்டோஸ் தேவை. அதற்காக ஒவ்வொரு முறையும் ரீஸ்டார்ட் செய்து மாற வேண்டியிருக்கிறது. விஎம்முக்குள் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு மெய்நிகர் கணினி) விண்டோஸ் போட்டால் 3டி காட்சி நகர மறுக்கிறது. கார்டை அப்படியே விஎம்முக்குள் கொடுக்க முடியுமா, எங்கே தொடங்குவது?

முடியும். உங்களிடம் இருக்கும் பொருட்கள் இதற்கு நன்றாகவே பொருந்துகின்றன, ஏனென்றால் 5700ஜி சிப்புக்குள் தனியாக ஒரு சிறிய கிராபிக்ஸ் இருக்கிறது. உபுண்டு அதை வைத்துக்கொள்ளும். 3060 முழுக்க விண்டோஸுக்குப் போகும். விண்டோஸ் தன் சொந்த என்விடியா டிரைவரைப் போட்டு, நிஜமான கார்டோடு நேரடியாகப் பேசும். சரியாக அமைத்துவிட்டால் நேரடியாக நிறுவிய விண்டோஸுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு தெரியாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேம் ஆடுவதற்காக மட்டும் இதைச் செய்ய நினைப்பவர்கள் முதலில் ஸ்டீமில் உள்ள புரோட்டானைப் போட்டுப் பாருங்கள். 2018-இல் வால்வ் அதை வெளியிட்ட பிறகு, பெரும்பாலான விண்டோஸ் கேம்கள் விஎம் இல்லாமலே லினக்ஸில் ஓடுகின்றன. ஓடாமல் நிற்பவற்றில் பல, ஆன்டி-சீட் எனப்படும் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் காரணமாக நிற்பவை. அவற்றில் பல விஎம்மைக் கண்டாலும் திறக்காது. ரெவிட் மாதிரி விண்டோஸை விட்டால் வழியில்லாத மென்பொருளுக்குத்தான் இந்த உழைப்பு தகும். உங்கள் காரணம் சரியான காரணம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இதில் தோற்றுப்போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தோற்கிறார்கள்: மதர்போர்டு சாதனங்களை எப்படிக் குழு பிரித்திருக்கிறது என்று பார்க்காமலே டிரைவர், கோப்பு, கட்டளை என்று இறங்கிவிடுகிறார்கள். கார்டு எது என்பதைவிட அது எந்த ஸ்லாட்டில், எந்தக் குழுவில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். அதனால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கிராபிக்ஸ் கார்டு சிபியுவிடம் அனுமதி கேட்காமல் ராமை நேரடியாகப் படிக்கும், எழுதும். இதற்கு டிஎம்ஏ என்று பெயர். விஎம்முக்குள் இருக்கும் விண்டோஸ் கார்டிடம் ஒரு முகவரியைச் சொல்லி ‘அங்கே எழுது’ என்றால், அது தன் கணக்குப்படி சொல்லும் முகவரி. நிஜ ராமில் அந்த எண்ணுக்குரிய இடத்தில் உபுண்டுவின் தரவு இருக்கலாம். கார்டு அங்கே எழுதினால் மொத்தக் கணினியும் விழும். நடுவில் நின்று முகவரியை மாற்றிக் கொடுப்பதும், எல்லை மீறினால் தடுப்பதும் ஐஓஎம்எம்யு என்ற வன்பொருள் பகுதியின் வேலை. இன்டெல் அதை விடி-டி என்கிறது, ஏஎம்டி ஏஎம்டி-விஐ என்கிறது. லினக்ஸின் மையமான கர்னலில் இதைப் பயன்படுத்தி, சாதனங்களை விஎம்முக்குக் கொடுக்கும் விஎஃப்ஐஓ என்ற பகுதி 2012-இல் 3.6 பதிப்பில் சேர்ந்தது. விஎம்களை ஓட்டும் கர்னல் பகுதியான கேவிஎம் அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 2007-இல் வந்துவிட்டது. இந்த இரண்டும், விஎம்முக்கான மெய்நிகர் வன்பொருளை உருவாக்கும் க்யூஎம்யு என்ற மென்பொருளும் சேர்ந்துதான் நாம் செய்யப்போகும் அனைத்தையும் நடத்துகின்றன.

ஐஓஎம்எம்யுவால் எல்லாச் சாதனங்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க முடிவதில்லை. சில சாதனங்கள் ஒரே பிரிட்ஜுக்கு (சாதனங்களை இணைக்கும் சந்திப்பு) பின்னால் இருக்கும். அவற்றுக்கிடையே தரவு ஐஓஎம்எம்யுவின் கண்ணில் படாமலே போய்வரக்கூடும். அப்படிப்பட்டவற்றைக் கர்னல் ஒரே குழுவாகக் கட்டிவிடும். கூட்டுப் பட்டாவில் இருக்கும் நிலம் மாதிரிதான் இது. உட்பிரிவு ஆகாதவரை ஒரு பங்கை மட்டும் தனியாக எழுதிக் கொடுக்க முடியாது. குழுவில் ஒன்றை விஎம்முக்குக் கொடுத்தால், அதே குழுவில் உள்ள மற்றவற்றையும் உபுண்டு கைவிட்டாக வேண்டும்.

எனவே முதல் வேலை பயாஸில். எஸ்விஎம் மோடை (விஎம் ஓட்டுவதற்கான ஏஎம்டியின் வசதி) எனேபிள் செய்யுங்கள். ஐஓஎம்எம்யு என்ற இடத்தில் ஆட்டோ என்று இருந்தால் அதை நம்பாமல் எனேபிள்டு என்று மாற்றுங்கள். அப்புறம், ‘முதலில் காட்ட வேண்டிய திரை’ என்ற பொருளில் ஓர் அமைப்பு இருக்கும், ஒவ்வொரு போர்டிலும் அதன் பெயர் வேறு. அதை உள் கிராபிக்ஸுக்கு மாற்றி, மானிட்டர் கேபிளை மதர்போர்டின் எச்டிஎம்ஐ துளையில் செருகுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் கணினி எழும்போதே 3060 திரை காட்டத் தொடங்கிவிடும். பிறகு அதை விடுவிப்பது தனித் தலைவலி.

ஏஎம்டியில் கர்னல் ஐஓஎம்எம்யுவைத் தானாகவே பயன்படுத்தும். இன்டெல் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் கிரப் (லினக்ஸை பூட் செய்யும் நிரல்) கோப்பில் உள்ள கர்னல் வரியில் இன்டெல் ஐஓஎம்எம்யுவை ‘ஆன்’ என்று சேர்க்க வேண்டியிருக்கும். இரு தரப்பினரும் ஐஓஎம்எம்யு=பிடி என்பதையும் சேர்க்கலாம்; உபுண்டு தன்னிடமே வைத்துக்கொள்ளும் சாதனங்களுக்கு முகவரி மாற்றும் வேலையை அது தவிர்க்கும். கிரப்பைப் புதுப்பித்து ரீஸ்டார்ட் செய்த பிறகு, சிஸ் அடைவுக்குள் கர்னல் என்பதன் கீழே ஐஓஎம்எம்யு குரூப்ஸ் என்ற அடைவைத் திறந்து பாருங்கள். உள்ளே எண்ணிட்ட அடைவுகள் வரிசையாக இருந்தால் ஐஓஎம்எம்யு வேலை செய்கிறது. காலியாக இருந்தால் பயாஸுக்குத் திரும்புங்கள். இது சரியாகாமல் அடுத்த படிக்குப் போவதில் பயனே இல்லை.

குழுக்களை எல்எஸ்பிசிஐ (சாதனங்களைப் பட்டியலிடும் கட்டளை) காட்டும் பெயர்களோடு சேர்த்துப் பட்டியலிடும் சிறிய ஷெல் ஸ்கிரிப்ட் எங்கும் கிடைக்கும். அதை ஓட்டினால், 3060 முதல் நீள ஸ்லாட்டில் இருக்கும்போது ஏறத்தாழ இப்படித் தெரியும்: ஒரே குழுவில் ஏஎம்டி ஹோஸ்ட் பிரிட்ஜ் ஒன்று, பிசிஐ பிரிட்ஜ் ஒன்று, 01:00.0 என்ற முகவரியில் என்விடியா விஜிஏ, 01:00.1 என்ற முகவரியில் என்விடியா ஆடியோ. இந்த ஆடியோ, கார்டின் எச்டிஎம்ஐ வழியாக ஒலி அனுப்பும் பகுதி. கார்டோடு ஒட்டியே வரும், இரண்டையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். பிரிட்ஜ்களைப் பார்த்துப் பதற வேண்டாம். அவற்றை விஎம்முக்குக் கொடுக்கவும் வேண்டாம், விடுவிக்கவும் வேண்டாம். கர்னல் அவற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. ஆர்டிஎக்ஸ் 20 வரிசைக் கார்டுகள் பலவற்றில் யுஎஸ்பி-சி துளைக்கான இரண்டு பகுதிகளும் கூடவே இருக்கும், அப்போது நான்கையும் கொடுக்க வேண்டும்.

கார்டு இரண்டாவது நீள ஸ்லாட்டில் இருந்தால் கதை மாறும். பி550 போர்டுகளில் பெரும்பாலும் முதல் நீள ஸ்லாட் நேராக சிபியுவுக்குப் போகும், இரண்டாவது சிப்செட் வழியாகப் போகும். சிப்செட்டுக்குப் பின்னால் உள்ள நெட்வொர்க் கார்டு, சாட்டா, யுஎஸ்பி எல்லாம் ஒரே குழுவாக விழுந்துவிடுவது பி550-இல் சகஜம். அந்தக் குழுவை விஎம்முக்குக் கொடுத்தால் உபுண்டுவுக்கு நெட்வொர்க்கும் இருக்காது, சாட்டா டிஸ்க்கும் இருக்காது. தீர்வு எளிது: கார்டைக் கழற்றி முதல் ஸ்லாட்டில் போடுங்கள்.

இதற்குக் குறுக்கு வழியாக ஏசிஎஸ் ஓவர்ரைடு என்ற கர்னல் பேட்ச்சைப் பலர் சொல்வார்கள். அது பிரதான கர்னலில் சேர்க்கப்படவில்லை. ப்ராக்ஸ்மாக்ஸ் கர்னலிலும் ஜென் கர்னலிலும் இருக்கிறது. அது வன்பொருளில் எதையும் மாற்றுவதில்லை. சாதனங்கள் தனித்தனியாக இருக்கின்றன என்று கர்னலை நம்பவைக்கிறது, அவ்வளவுதான். சாதனங்களுக்கிடையே தரவு கசியும் வாய்ப்பு அப்படியே இருக்கும். வீட்டில் நீங்களே ஆளும் ஒரு விஎம்முக்கு வேறு வழியே இல்லையென்றால் சரி. வெளியாட்களின் மென்பொருள் ஓடும் விஎம்முக்கு இதைச் செய்யாதீர்கள். உங்களுக்கு இது தேவைப்படவே படாது.

குழு சுத்தமாக இருக்கிறது என்று உறுதியானபின் கார்டை உபுண்டுவிடமிருந்து ஒதுக்க வேண்டும். எல்எஸ்பிசிஐ கட்டளையை -என்என்கே தெரிவோடு ஓட்டினால், ஒவ்வொரு சாதனத்துக்கும் சதுர அடைப்புக்குள் நடுவில் முக்காற்புள்ளி போட்ட ஓர் எண் ஜோடி வரும். முதல் பகுதி நிறுவனம்: என்விடியாவுக்கு 10டிஇ, ஏஎம்டிக்கு 1002, இன்டெலுக்கு 8086. இரண்டாவது பகுதி சாதனம். விஜிஏவுக்கும் ஆடியோவுக்கும் உரிய இரண்டு ஜோடிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். இடிசி அடைவில் மோட்ப்ரோப்.டி என்பதற்குள் ஒரு கோப்பு உருவாக்கி, விஎஃப்ஐஓ-பிசிஐ டிரைவருக்கு இந்த ஜோடிகளை ஐடிக்களாகக் கொடுங்கள். அதே கோப்பில், என்விடியா, நூவோ (என்விடியா கார்டுகளுக்கான திறந்த மூல டிரைவர்), எச்டிஏ இன்டெல் ஒலி டிரைவர் ஆகிய மூன்றும் ஏறும் முன் விஎஃப்ஐஓ-பிசிஐ ஏற வேண்டும் என்று சாஃப்ட்டெப் எனப்படும் வரிசை சொல்லும் வரிகள் எழுதுங்கள். எல்லாமே யார் முந்துகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. வழக்கமான டிரைவர் முதலில் கார்டைப் பிடித்துவிட்டால் பிறகு அதை விடுவிக்கப் போராட வேண்டும். முடித்ததும் இனிட்ராம்எஃப்எஸ்ஸை (பூட் ஆகும் தொடக்கத்தில் கர்னல் பயன்படுத்தும் கோப்புத் தொகுப்பு) மறுபடி உருவாக்க மறக்காதீர்கள். உபுண்டு, டெபியனில் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ், ஃபெடோராவில் டிராகட், ஆர்ச்சில் எம்கேஇனிட்சிபிஐஓ. இதைச் செய்யாவிட்டால் நீங்கள் எழுதிய கோப்பு பூட் ஆகும் தொடக்கத்தில் கர்னலுக்குத் தெரியவே தெரியாது.

சில கர்னல்களில் விஎஃப்ஐஓ-பிசிஐ தனி மாட்யூலாக இல்லாமல் கர்னலுக்குள்ளேயே கட்டப்பட்டிருக்கும். அப்போது மோட்ப்ரோப் கோப்பு எந்தப் பலனும் தராது; அதே ஐடிக்களைக் கர்னல் வரியில் எழுத வேண்டும். ‘எல்லாம் சரியாகத்தான் செய்தேன், ஆனாலும் கார்டு நகரவில்லை’ என்று சொல்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள். ஒரே மாதிரி இரண்டு கார்டுகள் வைத்திருப்பவர்களுக்கும் ஐடி முறை ஒத்துவராது, இரண்டுக்கும் ஒரே ஐடி என்பதால் இரண்டுமே போய்விடும். அவர்கள் டிரைவர் ஓவர்ரைடு என்ற முறையில் பஸ் முகவரியைச் சொல்லி ஒதுக்க வேண்டும்.

ரீஸ்டார்ட் செய்து மறுபடி எல்எஸ்பிசிஐ பாருங்கள். 3060-இன் கீழே ‘பயன்பாட்டில் உள்ள டிரைவர்’ என்ற வரியில் விஎஃப்ஐஓ-பிசிஐ என்று வர வேண்டும், ஆடியோவின் கீழேயும் அதுவே வர வேண்டும். இரண்டிலும் வந்துவிட்டால் கடினமான பாதி முடிந்தது.

இப்போது விஎம். அதை உருவாக்க விர்ட்-மேனேஜர் என்ற மென்பொருள் போதும். உருவாக்கும் கடைசிப் பக்கத்தில் ‘நிறுவும் முன் அமைப்புகளை மாற்று’ என்பதை டிக் செய்யுங்கள், ஏனென்றால் சிப்செட்டையும் ஃபர்ம்வேரையும் பிறகு மாற்ற முடியாது. சிப்செட் க்யூ35, ஃபர்ம்வேர் ஓவிஎம்எஃப் எனப்படும் யுஇஎஃப்ஐ. சிபியு மாடல் ஹோஸ்ட்-பாஸ்த்ரூ, அதாவது நிஜ சிபியுவை அப்படியே காட்டுவது. விண்டோஸ் 11 என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பைக் கேட்கும், எஸ்டபிள்யூடிபிஎம் என்ற பொதியை நிறுவிவிட்டால் மென்பொருள் டிபிஎம் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டதால், புதிதாக நிறுவுபவர் 11-ஐயே போடுவது நல்லது. டிஸ்க்கையும் நெட்வொர்க்கையும் விர்ட்ஐஓ (விஎம்களுக்கென்றே அமைந்த வேகமான சாதன வகை) ஆக்குங்கள். விர்ட்ஐஓ-வின் ஐஎஸ்ஓ கோப்பை இரண்டாவது சிடியாகச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் நிறுவும்போது விண்டோஸ் ‘டிஸ்க்கே இல்லை’ என்று சொல்லும். அந்த இடத்தில் டிரைவரை ஏற்று என்பதை அழுத்தி, சிடியில் உள்ள விஐஓஸ்டார் அடைவைக் காட்டினால் டிஸ்க் தெரிந்துவிடும்.

ராம் 16 ஜிபி கொடுங்கள். ஒன்று கவனியுங்கள்: சாதாரண விஎம் பயன்படுத்தும் அளவுக்குத்தான் ராமை எடுக்கும், கார்டு கொடுத்த விஎம் எழுந்த உடனே கொடுத்த மொத்தத்தையும் பூட்டி வைத்துக்கொள்ளும். கார்டு எந்த நேரத்திலும் எந்த இடத்திலும் எழுதலாம் என்பதால் கர்னல் அந்த ராமை நகர்த்தவோ ஸ்வாப்புக்கு அனுப்பவோ முடியாது. ஓடும் விஎம்மிடமிருந்து ராமைத் திரும்பப் பெறும் பலூனிங் என்ற வழியும் நடக்காது.

கார்டை இன்னும் சேர்க்காதீர்கள். சாதாரண மெய்நிகர் திரையிலேயே விண்டோஸை நிறுவி, விர்ட்ஐஓ டிரைவர்களைப் போட்டு, ரிமோட் டெஸ்க்டாப்பையும் இயக்கி வையுங்கள் (அதற்கு விண்டோஸ் ப்ரோ பதிப்பு வேண்டும்). பின்னால் திரை கறுப்பானால் உள்ளே போய்ப் பார்க்க அது ஒரு வழி. பிறகு விஎம்மை அணைத்து, ‘வன்பொருள் சேர்’ என்பதில் பிசிஐ ஹோஸ்ட் சாதனம் என்பதைத் தேர்ந்தெடுத்து 01:00.0, 01:00.1 இரண்டையும் சேருங்கள். 3060-இலிருந்து மானிட்டரின் இன்னொரு துளைக்கு ஒரு டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் போடுங்கள். விஎம்மை எழுப்பி, மானிட்டரின் இன்புட்டை மாற்றினால் விண்டோஸ் தெரிய வேண்டும். உள்ளே என்விடியா டிரைவரை நிறுவுங்கள்.

பழைய வழிகாட்டிகளில் இந்த இடத்தில் ‘கோட் 43’ என்ற பிழைக்காக ஏகப்பட்ட எக்ஸ்எம்எல் திருத்தங்கள் இருக்கும். ஜிஃபோர்ஸ் டிரைவர், தான் விஎம்முக்குள் இருப்பதைக் கண்டால் வேலை செய்ய மறுத்த காலம் அது. விஎம் என்பதை மறைக்க வேண்டியிருந்தது. 2021-இல் 465 வரிசை டிரைவரிலிருந்து என்விடியா அந்தத் தடையை எடுத்துவிட்டது. இன்றைய டிரைவரில் அந்த மறைப்பு வேலைகள் தேவையில்லை. அதற்குப் பிறகும் கோட் 43 வந்தால் காரணம் வேறு, பெரும்பாலும் கார்டின் ரோம் (கார்டுக்குள் பதிந்துள்ள தொடக்க நிரல்). கணினி எழும்போது திரை காட்டிய கார்டு அதுவாக இருந்தால் அதன் ரோமைக் கெடாமல் படிக்க முடியாது. அப்போது ரோமை ஒரு கோப்பாக எடுத்து விஎம்முக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். பயாஸில் உள் கிராபிக்ஸை முதன்மையாக்கியது இதைத் தவிர்க்கத்தான்.

திரை கறுப்பாகவே இருந்தால் உபுண்டுவில் டிமெசேஜ் கட்டளை காட்டும் கர்னல் செய்திகளைப் படியுங்கள். ‘பார்’ (BAR, கார்டின் நினைவகப் பகுதி) என்ற சொல்லோடு ‘ரிசர்வ் செய்ய முடியவில்லை’ என்று சொல்லும் வரிகள் குவிந்தால், உபுண்டுவின் பூட் திரை இன்னும் 3060-இன் நினைவகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். மறுபடி பயாஸையும் கேபிளையும் பாருங்கள். விஎம் எழவே மறுத்து ‘குழு நாட் வயபிள்’ என்றால், அதே குழுவில் ஏதோ ஒரு சாதனம் இன்னும் வழக்கமான டிரைவரோடு இருக்கிறது. பெரும்பாலும் மறந்துபோன ஆடியோ.

ஏஎம்டி கார்டு வைத்திருப்பவர்களுக்கு வேறொரு தொல்லை உண்டு. விஎம் முதல்முறை எழும். அணைத்து மறுபடி எழுப்பினால் கார்டு எழாது, மொத்தக் கணினியையும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். போலாரிஸ், வேகா, முதல் நாவி கார்டுகள் இதற்குப் பெயர்போனவை. கார்டு தன்னை ஒழுங்காக ரீசெட் செய்துகொள்வதில்லை. வெண்டார்-ரீசெட் என்ற கர்னல் மாட்யூல் இவற்றில் பலவற்றைச் சரிசெய்கிறது. விஎம்முக்காகவே புதிதாகக் கார்டு வாங்குபவர் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

ஓடத் தொடங்கிய பிறகுதான் வேகத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். அதிலும் பலன் தருவது சிபியு பின்னிங், அதாவது குறிப்பிட்ட கோர்களை விஎம்முக்கென்று ஒதுக்குவது. 5700ஜி-யில் 8 கோர், 16 த்ரெட். எல்எஸ்சிபியு -இ என்று ஓட்டினால் எந்த இரண்டு த்ரெட் ஒரே கோரைச் சேர்ந்தவை என்று தெரியும். முதல் இரண்டு கோர்களை உபுண்டுவுக்கு விட்டு, மீதி ஆறு கோர், 12 த்ரெட்டை விஎம்முக்குக் கட்டிவிடுங்கள். விஎம் அமைப்பின் டோப்பாலஜி (சிபியு அமைவு) பகுதியில் ஒரு சாக்கெட், 6 கோர், 2 த்ரெட் என்று எழுதி, டோப்போஎக்ஸ்ட் என்ற அம்சத்தையும் சேருங்கள். அது இல்லாவிட்டால் ஏஎம்டியில் விண்டோஸ் த்ரெட் ஜோடிகளைச் சரியாக உணராது. எட்டு கோர்களும் ஒரே எல்3 கேஷைப் பகிர்வதால் எந்த ஆறை எடுப்பது என்ற கவலை உங்களுக்கு இல்லை. கோர்கள் இரண்டு சிப்லெட்டாக (தனித்தனிச் சிறு சிப்) பிரிந்திருக்கும் பெரிய ரைசன்களில் ஒரே சிப்லெட்டுக்குள் எடுக்க வேண்டும். ராமைப் பெரிய துண்டுகளாக ஒதுக்கும் ஹ்யூஜ்பேஜஸ் பற்றியும் படிப்பீர்கள்: 16 ஜிபிக்கு 2 எம்பி பக்கங்கள் 8192. ரெவிட்டுக்கு அது பெரிய மாற்றம் தராது என்பது என் கருத்து, அதைக் கடைசிக்கு வையுங்கள்.

கீபோர்டும் மவுஸும் இரண்டு பக்கமும் வேண்டும். அவற்றை நேரடியாக விஎம்முக்குக் கொடுக்கும் க்யூஎம்யுவின் இவ்டெவ் வழி இதற்கு நன்றாக இருக்கும். இடது, வலது கன்ட்ரோலைச் சேர்த்து அழுத்தினால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறும். மானிட்டரின் இன்புட்டை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம் என்று நினைத்தால் லுக்கிங் கிளாஸ் என்ற மென்பொருளைப் போடுங்கள். 3060 வரையும் ஒவ்வொரு காட்சியையும் பகிர்ந்த ராம் வழியாக எடுத்து, உபுண்டுவில் ஒரு ஜன்னலாகக் காட்டும். வீடியோவாகச் சுருக்காமல் அப்படியே எடுப்பதால் தாமதம் மிகக் குறைவு. 1080பி திரைக்கு 32 எம்பி பகிர்ந்த ராம் போதும், 4கே-க்கு 128. கார்டில் மானிட்டர் செருகப்பட்டிருக்க வேண்டும், அல்லது ஒரு டம்மி எச்டிஎம்ஐ பிளக்.

உள் கிராபிக்ஸ் இல்லாமல் ஒரே கார்டு வைத்திருப்பவர்களும் இதைச் செய்கிறார்கள். விஎம் எழும்போது உபுண்டுவின் டெஸ்க்டாப்பையே மூடி, கார்டைப் பிடுங்கி விஎம்முக்குக் கொடுத்து, விஎம் அணைந்ததும் திருப்பி வாங்கும் ஹூக் ஸ்கிரிப்ட்கள் வேண்டும். அதில் உபுண்டுவின் திறந்த ஜன்னல்கள் எல்லாம் மூடப்பட்டுவிடும். ரீஸ்டார்ட் செய்து மாறுவதை விட அது எந்த விதத்தில் மேல் என்று எனக்குத் தோன்றவில்லை.

அன்றாடப் பயன்பாட்டில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். கார்டு கொடுத்த விஎம்மை ஓடும் நிலையில் சேவ் செய்ய முடியாது. ஸ்னாப்ஷாட் எடுப்பதென்றால் அணைத்த பிறகு எடுங்கள். இன்னொன்று, பின்னால் ஒரு என்விஎம்இ டிஸ்க்கோ வேறு கார்டோ செருகினால் பஸ் எண்கள் நகரலாம். 01:00.0 என்று இருந்த 3060 அடுத்த முறை 02:00.0 ஆகிவிடும். விஎம்மின் அமைப்பில் பழைய எண்ணே எழுதியிருக்கும். விர்ட்-மேனேஜருக்குப் பின்னால் விஎம்களை நிர்வகிக்கும் லிப்விர்ட், அந்த எண்ணில் இப்போது இருக்கும் சாதனத்தை, அது உங்கள் டிஸ்க்காகவே இருந்தாலும், உபுண்டுவிடமிருந்து பிடுங்கி விஎம்முக்குக் கொடுக்க முயலும். வன்பொருளில் எதைத் தொட்டாலும், விஎம்மை எழுப்பும் முன் எல்எஸ்பிசிஐயில் முகவரியைப் பார்த்துவிடுங்கள். விஎம் தானாக எழும்படி அமைத்திருந்தால், கணினியைத் திறக்கும் முன்பே அதை நிறுத்தி வையுங்கள்.